பள்ளியில் பண்புக் கல்வி: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஓரிருவர் வாசலருகே தயங்கி நிற்பார்கள். "மார்க் எல்லாம் சரி டீச்சர், பையன் ஆள் எப்படி?" என்று கேட்பார்கள். மதிப்பெண் அட்டையில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. ஆனால் அவர்கள் மனதில் முதலில் இருந்தது அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்ததில் இதைப் போல எத்தனையோ கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. சக ஆசிரியர்கள் கேட்பவை தனி. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு, ஆய்வுகளில் படித்ததையும் வகுப்பில் பார்த்ததையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பண்புக் கல்வி என்றால் நீதிபோதனை பீரியட்தானே?

அது ஒரு சின்னப் பகுதி. உண்மை பேசுவது, பொறுமை, பரிவு, நியாய உணர்வு, எடுத்த வேலையை முடிக்கிற பொறுப்பு இவையெல்லாம் பிள்ளையிடம் வேர்விடுவதற்காகப் பள்ளி யோசித்துச் செய்கிற எல்லாமே பண்புக் கல்விதான்.

நீதிபோதனை வாரத்துக்கு ஒரு பீரியட். மற்ற எல்லா பீரியடிலும் பிள்ளை அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வரிசையில் முந்தியவனை ஆசிரியர் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறாரா, திக்கிப் பேசும் பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா, செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு வேறு நீதியா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடங்களைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

இந்தத் துறையில் நிறைய எழுதியிருக்கும் அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் லிக்கோனா, நற்பண்பை மூன்று படிகளாகப் பார்க்கிறார்: நல்லது எது என்று தெரிவது, அதை விரும்புவது, அதைச் செய்வது. பெரும்பாலான பள்ளிகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. "பொய் சொல்லலாமா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "கூடாது" என்று சொல்லும். அது தெரியாத பிள்ளை யாரும் இல்லை. மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று வயிறு கலங்கும் நேரத்தில் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பண்பு பிறவிக் குணம் இல்லையா? சொல்லிக் கொடுத்தால் வருமா?

சொன்னால் மட்டும் வராது, பழகினால் வரும். அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதைத்தான் சொன்னார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார். நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறார். பிறவியில் சில பிள்ளைகள் சாது, சில பிள்ளைகள் துடுக்கு என்பது உண்மைதான். ஆனால் சாதுவான பிள்ளையும் பொய் சொல்லும், துடுக்கான பிள்ளையும் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1920களில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். "நீ நேர்மையானவனா?" என்று கேட்கவில்லை. ஏமாற்றுவதற்கு வாய்ப்பளித்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். விடைத்தாள்களை வாங்கி, விடைகளை ரகசியமாகக் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது அப்படியே தெரிந்துவிட்டது.

1928இல் தொடங்கி வெளிவந்த முடிவுகள் பலரைக் கலங்கடித்தன. தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை, பணத்தைத் தொடாத பிள்ளை விடைத்தாளில் கைவைத்தது. நன்னெறி வகுப்புகளுக்குப் போன பிள்ளைகள் போகாத பிள்ளைகளைவிட நேர்மையாக நடக்கவில்லை. பிற்காலத்தில் அதே விவரங்களை மறுபடி அலசியவர்கள், ஒவ்வொரு பிள்ளையின் நடத்தையிலும் சூழலுக்குச் சூழல் ஒரு மெல்லிய தொடர்ச்சி இருக்கத்தான் செய்கிறது என்று கண்டார்கள். ஆனாலும் அடிப்படை முடிவு மாறவில்லை: பிள்ளையின் நேர்மை சூழலோடு பின்னிக் கிடக்கிறது.

சிலர் இதைப் படித்துவிட்டுப் பண்புக் கல்வியே வீண் என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எந்தப் பிள்ளையையும் "திருடன்", "பொய்யன்" என்று முத்திரை குத்த நமக்கு உரிமை இல்லை என்பதுதான் அதில் நான் படித்த முதல் பாடம். அப்புறம், சூழல்தான் இவ்வளவு செய்கிறது என்றால், அந்தச் சூழலை அமைக்கிற பள்ளியின் கையில் எவ்வளவு இருக்கிறது!

அப்படியானால் நீதிக்கதைகளை விட்டுவிடலாமா?

வேண்டாம். எந்தக் கதை, எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள். காங் லீ, விக்டோரியா தல்வார் முதலிய ஆய்வாளர்கள் 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தனியே விட்டு, "எட்டிப் பார்க்காதே" என்று சொன்ன பொம்மையை எட்டிப் பார்க்கும் சூழலை உண்டாக்கி, பிறகு ஒரு கதை சொல்லி, "பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் ஓநாயிடம் ஆடுகளை இழந்த சிறுவன் கதையும், பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பொம்மையின் கதையும் பிள்ளைகளிடம் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை அவன் தந்தை பாராட்டும் கதையைக் கேட்டவர்களில்தான் அதிகம் பேர் உண்மையைச் சொன்னார்கள். அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

நாம் சொல்லும் கதைகளில் பாதி பயமுறுத்தும் கதைகள். உண்மை சொன்னால் என்ன நல்லது நடக்கும் என்று காட்டுகிற கதைகளைத் தேடி எடுங்கள். கடைசியில் "இதனால் அறியும் நீதி" என்று எழுதிப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அந்த நீதியைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். நாம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சொல்லும்.

வகுப்பில் இதைப் பற்றிப் பேசுவது எப்படி?

குழப்பமான ஒரு சூழலைக் கொடுங்கள். "நெருங்கிய நண்பன் உன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி அடிக்கிறான். ஆசிரியர் உன்னைக் கேட்கிறார். என்ன செய்வாய்?" இதில் உண்மைக்கும் நட்புக்கும் இடையே உண்மையிலேயே இழுபறி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் இப்படிப்பட்ட சிக்கல்களைப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் காரணம் சொல்லும் விதம் வயதோடு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார். "மாட்டிக்கொள்வேன்" என்பதில் தொடங்கி, "எல்லோரும் என்ன நினைப்பார்கள்", "விதி அப்படி" என்று நகர்ந்து, "இது நியாயமா" என்ற இடம்வரை அது வளரலாம். அவரோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982இல் ஒரு முக்கியமான குறையைச் சுட்டிக்காட்டினார்: நியாயத்தை மட்டும் அளந்தால், "யாருக்கு வலிக்கும்?" என்று யோசிக்கும் பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். அக்கறையும் அறம்தான். வகுப்பில் இரண்டு குரலும் எழும். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

ஆசிரியர் தன் கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

பேசினால் போதுமா, முடிவெடுக்கவும் விடலாமா?

விட வேண்டும். கோல்பெர்க்கே பிற்காலத்தில், வெறும் விவாதம் போதாது என்று உணர்ந்து அந்தப் பக்கம் போனார். 1974இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 'கிளஸ்டர் பள்ளி' என்ற சிறிய உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளியின் விதிகளை வாராந்திரக் கூட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தீர்மானித்தார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆசிரியருக்கும் ஒன்றுதான். ஒருமுறை ஒரு மாணவியின் பையிலிருந்து பணம் காணாமல் போனது. எடுத்தவர் யார் என்று தெரியவில்லை. கூட்டத்தில் பேசிய பிறகு, நம் பள்ளியில் நடந்தது நம் எல்லோருக்குமான பொறுப்பு என்று சொல்லி, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் பணத்தை ஈடுகட்ட முடிவு செய்தார்கள்.

எல்லாப் பள்ளியும் இப்படி மாறிவிட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பு நூலகத்தின் விதிகள், விளையாட்டில் அணி பிரிக்கும் முறை, யார் எந்த வேலையை எந்த வாரம் செய்வது இவற்றையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். 1932இல் வெளிவந்த ஆய்வில் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கோலி விளையாடும் சிறுவர்களைக் கவனித்து எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாதது. சற்று வளர்ந்த பிள்ளைகள், எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று கண்டுகொள்கிறார்கள். தாங்களே பேசி வைத்த விதியைத்தான் அவர்கள் உண்மையில் மதிக்கிறார்கள்.

பண்பெல்லாம் வீட்டில்தானே வர வேண்டும்? பள்ளியைக் குறை சொல்வது சரியா?

வேர் வீடுதான். ஆனால் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாற்பது பேரோடு ஒரே அறையில் வாழத் தேவை வருவதில்லை. பிடிக்காதவனோடு சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது, தோற்றும் கைகுலுக்குவது, தன்னை யாரென்றே தெரியாத ஒருவரிடம் நியாயமாக நடப்பது இவற்றைப் பழக வீட்டில் இடமில்லை. பள்ளியில் தினமும் இருக்கிறது. அதோடு, வீட்டில் அன்பே கிடைக்காத பிள்ளைகளும் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அது வீட்டுப் பொறுப்பு" என்று நாம் கைகழுவினால் அவர்களுக்கு யாரும் இல்லை.

யாருடைய மதிப்புகளைச் சொல்லிக் கொடுப்பது? எங்கள் வீட்டு நம்பிக்கை வேறு.

நியாயமான கவலை. பள்ளி தன் மதத்தையோ அரசியலையோ பண்பு என்ற பெயரில் திணித்தால் நீங்கள் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் "என் பிள்ளை பொய் சொல்ல வேண்டும், எளியவனை அடிக்க வேண்டும்" என்று சொன்ன பெற்றோரை நான் இதுவரை பார்த்ததில்லை. உண்மை, பரிவு, நியாயம், பொறுப்பு ஆகிய இந்த நான்கில் எல்லா வீடுகளும் ஒத்துப்போகின்றன. மாறுபடும் இடங்களில், "சிலர் இப்படி நினைக்கிறார்கள், சிலர் அப்படி, காரணம் இது" என்று இரண்டையும் மரியாதையோடு வைத்தால் போதும். அந்த மரியாதையும் ஒரு பண்புப் பாடம்.

சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைதானே நல்ல பிள்ளை?

இல்லை. கீழ்ப்படிதல் வகுப்பு நடத்த உதவும், அது பண்பாகிவிடாது. பெரியவர் ஒருவர் தவறான காரியத்தைச் செய்யச் சொன்னால், "மாட்டேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. மரியாதையாக மறுப்பது எப்படி என்று நாம் சொல்லிக் கொடுப்பதே இல்லை. "மிஸ், நீங்கள் சொன்னது நியாயமில்லை என்று தோன்றுகிறது" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொன்னால், அந்த நாள் நம் வகுப்புக்கு ஒரு நல்ல நாள்.

காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளையை என்ன செய்வது?

இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் ஒருமுறை மிகவும் தவறாக நடந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு மாணவி வகுப்புத் தேர்வில் பிட் வைத்திருந்ததைப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் விடைத்தாளைக் கிழித்துப் போட்டேன். "உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேர்மையைப் பற்றி அவளுக்கு நான் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. அவமானம் என்றால் என்ன என்பதை மட்டும் கற்றுக் கொடுத்தேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து அதேபோல இன்னொரு பிள்ளை மாட்டியது. தாளை அமைதியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் போன பிறகு, "என்ன பயம்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "குறைஞ்சா வீட்ல யாரும் பேச மாட்டாங்க" என்றது. அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது என்பதில் நான் மாறவில்லை. வேறொரு நாள் அதே பாடத்தில் மறுபடி எழுத வைத்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம்.

இதற்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 1998இல் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் வெளியிட்டது. பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்து, தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லச் சொன்னார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. நாம் ஏற்றிவைத்த பெயரைக் காப்பாற்றவே பிள்ளை பொய் சொல்கிறது. காப்பி அடிப்பதைக் குறைக்க வேண்டுமென்றால், தேர்வறையில் கண்காணிப்பாளரைக் கூட்டும் முன், மதிப்பெண் குறைந்தால் வகுப்பிலும் வீட்டிலும் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கண்டிப்பு இல்லாமல் எப்படி? அடித்து வளர்த்த பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

கண்டிப்பு வேண்டும். அடி வேண்டாம், அவமானமும் வேண்டாம். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். ஒன்று அடித்துத் தண்டிக்கும் பள்ளி, மற்றது அப்படிச் செய்யாத பள்ளி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். அடிக்கும் பள்ளிப் பிள்ளைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள். சொன்ன பொய்யை மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுவதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். அடி அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தது அதைத்தான்.

அடிக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கலாம். என்ன நடந்தது? யாருக்கு என்ன பாதிப்பு? அதைச் சரிசெய்ய நீ என்ன செய்யப் போகிறாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை விடக்கூடாது. கிழித்த புத்தகத்தை ஒட்டித் தர வேண்டும், கெடுத்த விளையாட்டை மறுபடி நடத்தித் தர வேண்டும், புண்படுத்தியவரிடம் போய்ப் பேச வேண்டும். முட்டி போட்டு நிற்பதைவிட இது கடினமானது என்று பிள்ளைகளே சொல்வார்கள். நூறு முறை இம்போசிஷன் எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

நல்ல நடத்தைக்கு ஸ்டார், பரிசு கொடுக்கலாமா?

எதிர்பாராமல், எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை. "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்று பேரம் ஆக்கிவிடாதீர்கள். 1973இல் மார்க் லெப்பர் முதலியோர், வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், சில நாள் கழித்து யாரும் கேட்காதபோது மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. உதவி செய்வதில் ஏற்கெனவே சந்தோஷப்படும் பிள்ளைக்கு ஸ்டார் ஒட்டினால், அடுத்த முறை உதவும்போது அது ஸ்டாரைத் தேடும்.

"நீ நோட்டைக் கொடுத்ததால் அவளால் பரீட்சை எழுத முடிந்தது" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அது போதும்.

கிண்டலும் சீண்டலும் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே? பிள்ளைகளே சமாளித்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். பட்டப்பெயர், ஒதுக்கிவைத்தல், பையை ஒளித்தல், கைபேசிக் குழுவில் படம் போட்டுச் சிரித்தல் இவை நாள்தோறும் ஒரே பிள்ளையின் மேல் விழும்போது அந்தப் பிள்ளைக்குப் பள்ளியே நரகமாகிவிடும். 1980களின் தொடக்கத்தில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருந்திருக்கலாம் என்று தெரிந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. 1983இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவர்களிடம் தன் திட்டத்தைச் சோதித்தார். தெளிவான வகுப்பு விதிகள், இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, சம்பந்தப்பட்ட பிள்ளைகளோடும் பெற்றோரோடும் நேரடிப் பேச்சு, இவ்வளவுதான் திட்டம். சீண்டல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது பின்லாந்திலிருந்து வந்த பார்வை. கிறிஸ்டினா சால்மிவாலி என்ற ஆய்வாளர், சீண்டுபவன், சீண்டப்படுபவன் என்ற இருவரை மட்டும் பார்ப்பதை நிறுத்தி, சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். சிலர் கூடச் சேர்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், பலர் பேசாமல் நிற்கிறார்கள், வெகு சிலர் தடுக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் சீண்டுபவனுக்கு மேடையே இல்லை. இந்தப் புரிதலின் மேல் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம், பார்த்துக்கொண்டு நிற்பவர்களைப் பயிற்றுவிக்கிறது. 2001இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு விளையாட்டு மைதானக் காட்சிகளை அலசியது. சக பிள்ளை ஒன்று தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட சமயங்களில் பத்தே நொடியில் சீண்டல் நின்றுவிட்டது.

பத்து நொடி! என் வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அப்புறம் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்தில் போய் நின்று, "வா, போலாம்" என்று அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்த இரண்டு சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம். தைரியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சொல்ல வேண்டிய சொல் நாவில் தயாராக இருந்தால் தைரியம் பின்னாலேயே வரும்.

தன்னடக்கத்தைச் சோதிக்கும் அந்த மிட்டாய்ச் சோதனை உண்மையா?

உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய அந்தச் சோதனையில், ஒரு மிட்டாயை இப்போதே சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. 2018இல் டைலர் வாட்ஸ் முதலியோர் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். தொடர்பு பாதியாகச் சுருங்கியது; குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது எஞ்சியதிலும் பெரும்பகுதி மறைந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது செலஸ்ட் கிட் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 28 பிள்ளைகள்தான். முதலில் ஒரு பெரியவர் நல்ல கலர் பென்சில் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார், மீதிப் பேருக்கு வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகு மிட்டாய்ச் சோதனை. ஏமாற்றப்பட்டவர்கள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் 12 நிமிடம். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று புகார் சொல்லும் முன், "நாளைக்கு விளையாட விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு எத்தனை முறை கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பண்புக்கு மதிப்பெண் போடலாமா?

போட்டால் நடிப்புக்குத்தான் போட வேண்டியிருக்கும். ஜப்பானில் ஒழுக்கப் பாடம் 2018இல் தொடக்கப் பள்ளிகளிலும் 2019இல் நடுநிலைப் பள்ளிகளிலும் தனிப் பாடமாக உயர்த்தப்பட்டபோதும், அதற்கு எண்ணில் மதிப்பெண் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். ஆசிரியர் பிள்ளையின் வளர்ச்சியைச் சில வரிகளில் எழுதுகிறார். அதுதான் சரியான வழி.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் பாடம் பின்தங்காதா?

ஜோசப் டர்லாக் முதலியோர் 2011இல், உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 2,70,000 மாணவர்கள். நடத்தை மட்டுமின்றிப் படிப்பும் முன்னேறியிருந்தது. நூறு பேரில் நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை 11 இடம் முன்னேறும் அளவுக்கு.

ஆனால் இதைக் காட்டி யாராவது ஒரு திட்டப் பெட்டியை விற்க வந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் கல்வி ஆய்வு நிறுவனம் ஏழு பண்பு வளர்ச்சித் திட்டங்களை 84 பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் சோதித்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தத்தில் பார்த்தால் மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. மாதத்துக்கு ஒரு குணம், சுவரில் அதற்கு ஒரு சுவரொட்டி என்று போனால் மாதம் முடிந்ததும் சுவரொட்டியோடு குணமும் கழற்றப்பட்டுவிடும்.

ஆசிரியரே எரிந்து விழுபவராக இருந்தால்?

அப்போது பிள்ளைகள் எரிந்து விழத்தான் கற்பார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் 72 பிள்ளைகளோடு செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்தவர்களில் பலர் அதே அடியை, அதே வசவுகளோடு திரும்பச் செய்தார்கள். யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை.

ஆசிரியர்களும் மனிதர்கள்தான், தாங்க முடியாத வேலைச்சுமையோடு வகுப்புக்குள் வருகிறார்கள். கோபமே வரக்கூடாது என்று அவர்களிடம் கேட்பது நியாயமில்லை. கோபத்தில் தவறாகப் பேசிவிட்டால் மறுநாள் வகுப்பில் நின்று, "நேற்று நான் கத்தியது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். முதன்முறை நான் அப்படிச் சொன்னபோது வகுப்பு அப்படியே உறைந்துபோனது. மரியாதை குறைந்துவிடும் என்று பயந்தேன். குறையவில்லை. அந்த வாரமே இரண்டு பிள்ளைகள் தங்கள் சண்டைக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்கள், நான் சொல்லாமலே.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை எப்படித் தெரிந்துகொள்வது?

வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பொன்மொழிகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடைவேளை நேரத்தில் போங்கள். யாராவது தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா, அவர்களிடம் யாராவது போகிறார்களா என்று பாருங்கள். துப்புரவுப் பணியாளரிடம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். முடிந்தால் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம், "இங்கே தப்புப் பண்ணிட்டா என்ன ஆகும்?" என்று விசாரியுங்கள். "அடிப்பாங்க" என்றோ "வீட்டுக்குச் சொல்லிடுவாங்க" என்றோ பதில் வரலாம். "மிஸ்கிட்ட போய் சொன்னா, எப்படிச் சரி பண்றதுன்னு கேப்பாங்க" என்று ஒரு பிள்ளை சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாட ஓடினால், அந்தப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.